சேர்ந்து பார்க்கும் ஒரு வாரம்

(அரையாண்டு விடுமுறைக்கு முன் மதுரையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரையாண்டுத் தேர்வு முடியப்போகிறது. டிசம்பர் கடைசி வாரம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அந்த வாரத்தை என்ன செய்வது என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் தொடங்கியிருக்கும். கொடைக்கானலில் அறை கிடைக்குமா என்று சிலர் விசாரிக்கிறோம். அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, அடுத்த பருவத்துக்கான டியூஷன் என்று சிலர் சேர்த்துவிடுகிறோம். இரண்டுக்கும் வசதி இல்லாதவர்கள், பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மனத்துக்குள் வருந்துகிறோம். அந்த வருத்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்த வாரத்துக்கு வேண்டியவை எல்லாம் டவுன் பஸ் போகும் தூரத்துக்குள் இருக்கின்றன. மீதி நம் வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் இருக்கின்றன.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குவது என்றவுடன் அவர்களையே கவனித்துக்கொண்டிருப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். சாப்பிட்டாயா, படித்தாயா, கணக்கில் ஏன் மார்க் குறைந்தது, யாரோடு பேசுகிறாய்? வருடம் முழுக்க நம் பேச்சு பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஓயாமல் தன்னையே ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மூச்சு முட்டும். பிள்ளைகள் வாய் திறக்காமல் போவதற்கு அது ஒரு காரணம். நாமும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறொன்றைப் பார்க்கும்போது நிலைமை மாறுகிறது. கண்மாய்க் கரையில் நின்று ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டே என் மகள் சொன்ன பள்ளிக்கூடச் செய்திகளை, சாப்பாட்டு மேசையில் எத்தனை கேள்வி கேட்டும் என்னால் பெற முடிந்ததில்லை. ஆகவே இந்த வாரம் பிள்ளையைப் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து பார்க்கத் தொடங்குவோம்.

எதைப் பார்ப்பது? முதலில் நம் தெருக்களிலிருந்து தொடங்கலாம்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஊர் விரிகிறது. தினமும் அந்த வழியில் போகிறோம். ஒரு காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு வீதியாகக் கடந்து நடந்து பாருங்கள். வெளி வீதிக்கு வரும்போது, இங்கே ஒரு கோட்டைச் சுவர் இருந்தது, அதைச் சுற்றி அகழி இருந்தது என்று சொல்லுங்கள். 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. அவர் நினைவாக நட்ட விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. சுவரை இடித்த பணியில் இருந்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கோட்டையின் ஒரு கொத்தளம் மிச்சம் இருக்கிறது. இடிக்காமல் விட்ட அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு, இத்தனை கூட்டத்துக்கு நடுவே ஒரு பழைய ஊர் ஒளிந்திருப்பது பிடிபட்டுவிடும்.

மேல மாசி வீதியில் ஒரு வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தியடிகள் அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தத் தோற்றம் நம் ஊர் வீதி ஒன்றில் தொடங்கியது. தமுக்கம் பக்கம் போனால், ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் 1959இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மாசி வீதி வீட்டையும் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்தால், பாடப்புத்தகத்தில் ஒரு படமாக இருந்தவர் நம் தெருவில் நடந்துபோன மனிதராக மாறிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய தாளை விரித்துப் பிள்ளைகளை ஊர்ப் படம் வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. பிறகு அந்தப் படத்தை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ கொடுங்கள். அவர்கள் பார்த்த ஊரை அதில் சேர்க்கட்டும். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர் எங்கே இருந்தது, வைகையில் எந்த இடத்தில் துணி துவைத்தார்கள், எந்த ஊருணியில் தண்ணீர் எடுத்தார்கள், கல்யாணமாகி வந்தபோது எந்தத் தெருவோடு ஊர் முடிந்தது, இப்படிக் கேட்கக் கேட்க வரும். பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளும்போது பெரியவர்கள் முகத்தில் வரும் தெளிவை நீங்களே பார்ப்பீர்கள். வீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்கு நடுவில் வந்து உட்காருவார்கள்.

அடுத்த பயணம் கீழடிக்கு. மதுரையிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்து நடத்தியது. 2023 மார்ச்சில், செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளை ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக இழுத்துக்கொண்டு போய்ப் பலகையை எல்லாம் வாசிக்க வைக்காதீர்கள். இரண்டே பொருள்களைத் தேடச் சொல்லுங்கள்.

ஒன்று, பெயர் எழுதிய பானை ஓடு. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறிய ஓடுகள் கீழடியில் கிடைத்திருக்கின்றன. நம் வீட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் பெயர் வெட்டி வைத்திருக்கிறோமே, அதே காரியத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே வைகைக் கரையில் ஒருவர் தன் பானையில் செய்திருக்கிறார். தமிழ் பிராமி எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதிப் பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மாலை நேர வேலை. எழுதத் தெரிந்தபின் படிக்க ஆசை வரும்.

இரண்டாவது, பகடையும் சில்லும். தந்தத்தில் செய்த பகடை, சுட்ட மண்ணில் செய்த பகடை, ஆட்டக் காய்கள், பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே வீட்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். தாயக்கட்டை இருந்தால் எடுங்கள்; இல்லாவிட்டால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆடு புலி ஆட்டத்தின் கோடுகளை நம் கோயில் மண்டபத் தளங்களில் பார்க்கலாம். அதை அப்படியே வரைந்து வந்து ஆடலாம். விளையாட்டில் அப்பாவும் மகனும் சமம். தாயம் விழாமல் பெரியவர் உட்கார்ந்திருக்க, சின்னவள் பழம் எடுத்துக்கொண்டு போவாள். பிள்ளையிடம் மனதார ஆடித் தோற்பது வீட்டின் அதிகாரத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது. அந்தத் தளர்வு பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி.

இப்போது பொழுதுபோக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழி மாதத்தில் வரும் விடுமுறை இது. வாசலிலேயே ஒரு கலை காத்திருக்கிறது. கோலத்தைப் பெண் பிள்ளைகளின் வேலையாக ஒதுக்கிவைத்தது நம் இழப்பு. அது கணிதம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலில் படங்களை உருவாக்கும் இலக்கணம் பற்றிய ஆய்வுக்கு நம் வீட்டு வாசல் பொருளாயிற்று.

நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நேர்ப்புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் செல்லும் எளிய சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வைத்தால் கையெடுக்காமல் ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனித்தனிக் கம்பி வரும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு கம்பி. ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களே பல அளவுகளில் போட்டுப் பார்த்து, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கம்பி என்று கண்டுபிடிக்கும் நேரம் இருக்கிறதே, அந்த மகிழ்ச்சியை எந்த டியூஷனும் தராது. அப்பாக்கள் இதில் உட்கார வேண்டும். கம்பி நமக்குக் கோணலாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள். பெற்றவர் கற்றுக்கொள்பவராகவும் பிள்ளை சொல்லிக்கொடுப்பவராகவும் இடம் மாறும் நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை.

இரவானதும் மொட்டை மாடிக்குப் போங்கள். டிசம்பர் கடைசியில் எட்டு மணி அளவில் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அதற்கு ஒரு பக்கம் சிவப்பாக மினுங்குவது திருவாதிரை. மறுபக்கம் நீலம் கலந்த வெண்மையாக ஒன்று தெரியும். உச்சியை நோக்கிப் பார்த்தால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. அதில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று வீட்டில் ஒவ்வொருவரும் எண்ணட்டும். பெரும்பாலோருக்கு ஆறு தெரியும். கண் கூர்மையான பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தெரியலாம். மார்கழிப் பௌர்ணமியன்று நிலா திருவாதிரைக்கு அருகில் நிற்கும். திருவாதிரைக் களியை உண்ணும் வீட்டில் திருவாதிரையை வானத்தில் அடையாளம் காட்டத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டாமா? இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். மாடி விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை பொறுத்திருந்தால் போதும்.

விடியற்காலை பறவைகளுக்கு. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் காலம் இது. சாமநத்தம் கண்மாய்க்கோ, வண்டியூர்க் கண்மாய்க்கோ, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்துக்கோ போகலாம். முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் இவற்றை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். நத்தைக்குத்தி நாரை நின்றால் அதன் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை; வளர வளரத்தான் வருகிறது. நத்தையைப் பிடித்து உண்ண ஏற்ற அலகு அது. ஒரு பறவையின் வாயிலேயே அதன் உணவும் வாழிடமும் எழுதியிருப்பதைப் பிள்ளை புரிந்துகொள்கிறது.

பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்தார். யானையையும் புலியையும் எழுதியவர், வீட்டைச் சுற்றியிருந்த காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு கவனித்து எழுதினார். கவனம் இருந்தால் முருங்கை மரம்கூடக் காடுதான் என்று அவரைப் படித்து நான் கற்றேன். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், பார்த்தது. பெயர் தெரியாவிட்டால் நிறம், அளவு, நடை. அதை எழுதி வைத்தால் பெயர் பிறகு வந்து சேரும்.

சமையலறையையும் இந்த வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். விடுமுறை என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அதனால் தாய்மார்களுக்கு வேலை இரண்டு மடங்காகிறது. குடும்பத்தின் மகிழ்ச்சியை ஒருத்தியின் களைப்பின் மேல் கட்டக்கூடாது. ஒரு நாள் சமையலை அப்பாவும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளட்டும். மதுரைக்காரர்கள் நாம், பருத்திப்பாலில் தொடங்கலாம். இரவே பருத்தி விதையை ஊறவைத்து, காலையில் அரைத்துப் பிழிந்து பாலெடுத்து, கொஞ்சம் அரிசி மாவு கரைத்து விட்டு, அடி பிடிக்காமல் கிண்டி, கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலமும் தேங்காய்ப்பூவும் சேர்க்க வேண்டும். தெருவோரத்தில் ஒரு நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகும் டம்ளருக்குப் பின்னால் ஓர் இரவும் ஒரு காலையும் உழைப்பு இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் காலை முழுவதும் அம்மா தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்யட்டும். பாதியில் நிறுத்திய பாட்டோ, தையலோ, கதைப் புத்தகமோ, எதுவானாலும். அம்மாவுக்கும் ஓர் ஆசை உண்டு, அதற்கு நேரம் உண்டு என்பதைப் பார்த்து வளரும் பிள்ளை நாளைக்குத் தன் வீட்டிலும் அதை மதிக்கும்.

கடை வைத்திருப்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எங்களுக்கு ஏது ஒரு வாரம் என்று நினைப்பீர்கள். நான் சொன்னவற்றில் கீழடியும் வீதி நடையும் சமையலும் தவிர மற்றவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. வேலை முடிந்து வந்து மாடியில் அரை மணி நேரம், விடிவதற்குள் வாசலில் அரை மணி நேரம். பிள்ளைக்குக் கணக்கு நேரத்தில் இல்லை. அந்த அரை மணியில் நாம் முழுதாக இருந்தோமா என்பதில் இருக்கிறது. போனைச் சட்டைப் பையில் வைத்தபடி பறவை பார்த்தால் பறவையும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. ஒரு வாரத்துக்கு ஏழு இடம் என்று பட்டியல் போட்டு ஓடவும் வேண்டாம். ஒரே கண்மாய்க்கு இரண்டு முறை போவது, இரண்டு ஊருக்கு ஒவ்வொரு முறை போவதைவிட நல்லது. இரண்டாம் முறைதான் பிள்ளை, போன தடவை இது இங்கே இல்லையே என்று கேட்கும். அந்தக் கேள்வியில்தான் கவனம் பிறக்கிறது.

கடைசியாக, இது ஏன் பொழுதுபோக்கோடு முடியாத விஷயம் என்று சொல்கிறேன். மேலூருக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு குன்றுகள், அவற்றின் இடுக்கில் சுனைகள், கீழே கண்மாய்கள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணப் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் அந்தப் பாறைகளில் வாழ்கின்றன. பக்கத்து மீனாட்சிபுரம் மலையில் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1882இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்த அந்தக் கல்வெட்டில், 1965இல் ஐராவதம் மகாதேவன் பாண்டிய அரசன் பெயரைப் படித்தார். இவ்வளவும் சேர்ந்த இடத்தை 2022 நவம்பரில் அரசு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். சட்டப் பேரவையும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23ஆம் தேதி அந்த ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. அந்த மலையைக் காப்பாற்றியவர்கள் அதைத் தெரிந்தவர்கள். எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் ஊறும், எந்தப் பாறையில் எந்தப் பறவை கூடு வைக்கும், எந்தக் கண்மாய் நிறைந்தால் எந்த வயல் விளையும் என்று சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். தெரியாத ஒன்றுக்காக யாரும் தெருவுக்கு வருவதில்லை.

நம் பிள்ளைகள் நாளைக்கு எந்த ஊரில் வேலை பார்த்தாலும், ஓர் ஊரைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருந்தால், அந்த ஊரையும் அக்கறையோடு பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடம் மட்டும் கொடுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்று ஆர்வத்தோடு பார்ப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். நாம் எதை வியந்து பார்க்கிறோமோ அதையே பிள்ளையும் பார்க்கத் தகுந்தது என்று எடுத்துக்கொள்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளை உட்கார வைத்து, இந்த வாரம் சேர்ந்து பார்க்க ஓர் இடத்தையும் சேர்ந்து பழக ஒரு பொழுதுபோக்கையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுங்கள். விடுமுறை முடிந்ததும் அதை மூடி வைக்காதீர்கள். ஜனவரி நடுவில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் நாமும் அதில் பங்கேற்கலாம். பொங்கல் வைத்த வாசலிலிருந்தே செய்யலாம். உங்கள் பிள்ளை எழுதும் பட்டியல், இந்த மண்ணில் எந்தப் பறவை இருக்கிறது, எது குறைகிறது என்று ஆராய்பவர்களுக்கு ஒரு சான்றாகச் சேரும். வரும் பொங்கலுக்கு மதுரையிலிருந்து போகும் பட்டியல்களில் நம் வீடுகள் ஒவ்வொன்றின் பட்டியலும் இருக்கட்டும். இருக்கச் செய்வோம்.